அப்பாவின் எச்எம்டி ஜனதா: ரோட்டரி டூல் வைத்து வீட்டிலேயே பாலிஷ் போடலாமா?

கரூர்_பையன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம். 1986-ல் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சில மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் வாங்கிய எச்எம்டி ஜனதா ஒன்று இருக்கிறது, கீ கொடுக்கிற வாட்ச். கடைசி பதினைந்து வருடம் அது பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் கிடந்தது. போன வாரம் எடுத்துக் கீ கொடுத்தேன், உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. அதைப் புதுசு போல ஆக்கி அன்றைக்கு அவர் கையில் கட்டிவிட வேண்டும் என்று ஆசை.

வாட்சின் நிலைமை இதுதான். கண்ணாடி முழுக்கக் கீறல், வெளிச்சத்தில் பார்த்தால் பனி மூடினது போல இருக்கிறது. கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, மங்கிப் போய்விட்டது. பின்மூடி சேருகிற இடத்தில் கறுப்பாக அழுக்கு. பட்டை மாட்டுகிற காதுகளின் முனையிலும், கீ இருக்கிற பக்க ஓரத்திலும் அழுக்கு படிந்து மஞ்சளாகி இருக்கிறது, துணியால் துடைத்தால் போகவில்லை.

ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு ரோட்டரி டூல் வாங்கினேன், முனையில் சின்னச் சக்கரம் மாட்டி வேகமாகச் சுற்றுகிற கை மெஷின். கூடவே ஃபெல்ட் சக்கரம், சின்னச் சின்ன அரைக்கிற கல், ஸ்டீல் பிரஷ், உப்புத்தாள் சுற்றின உருளை எல்லாம் ஒரு டப்பா நிறைய வந்திருக்கிறது. எந்தச் சக்கரம் போடுவது, என்ன பேஸ்ட், எவ்வளவு வேகம்? கண்ணாடியையும் அதிலேயே பாலிஷ் செய்யலாமா? அந்த மஞ்சளை எடுக்க ஸ்டீல் பிரஷ் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_ஸ்டீல்

நண்பரே, தாராளமாகச் செய்யலாம். என்னுடைய ஸ்டீல் வாட்சைப் போன வருடம் இப்படித்தான் செய்தேன். ஃபெல்ட் சக்கரம், பச்சை பஃபிங் சோப்பு (சக்கரத்தில் தடவிப் பாலிஷ் போடுகிற கட்டி), குறைந்த வேகம், அவ்வளவுதான். சக்கரம் சுற்றும்போதே சோப்பில் ஒரு விநாடி தொட்டு எடுத்து, பிறகு கேஸில் லேசாக வைத்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. பத்து நிமிடத்தில் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக்கு நான் போடவில்லை, அதைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

கீவாட்ச்_பிரியன்

தம்பி, தயவுசெய்து மெஷினை இப்போதைக்குக் கீழே வையுங்கள். அந்த மஞ்சள் அழுக்கு இல்லை. பித்தளை.

வாட்சைத் திருப்பிப் பின்மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால், மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அர்த்தம். கேஸ் பித்தளையில் செய்து, மேலே நிக்கல், அதற்கும் மேலே குரோமியம் என்று முலாம் போட்டது. அந்தக் காலத்தில் சாமானியர்கள் கட்டிய வாட்ச் பெரும்பாலும் இப்படித்தான் வந்தது, விலை கட்டுப்படியாக வேண்டுமே. சட்டைக் கை உரசுகிற இடம், விரல் படுகிற இடம், காதுகளின் முனை, இங்கெல்லாம் முலாம் முதலில் தேய்ந்து உள்ளே இருக்கிற பித்தளை எட்டிப் பார்க்கும். நீங்கள் சொன்ன இடங்கள் அப்படியே அதே இடங்கள்.

பளபளப்புக்காகப் போடுகிற குரோமியத்தின் கனம் சாதாரணமாக ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு மெல்லிசு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது இல்லை, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கிற உலோகத்தைச் சீவி எடுப்பது. முழு ஸ்டீல் கேஸில் சீவ நிறைய இருக்கிறது, சேலம் நண்பருக்கு அதனால்தான் நன்றாக வந்தது. உங்கள் ஜனதாவில் சீவ எதுவுமே இல்லை. ஃபெல்ட் சக்கரமும் சோப்பும் வைத்துச் சில விநாடி தேய்த்தாலே குரோமியம் போய், நிக்கலின் மங்கின மஞ்சள் சாயல் தெரியும், இன்னும் தேய்த்தால் பித்தளை திட்டுத் திட்டாக வெளியே வரும். ஸ்டீல் பிரஷ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதை அந்த வாட்சின் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.

தங்க முலாம் வாட்சுக்கும் இதேதான். சில பழைய வாட்ச்களின் பின்னால் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று எழுதியிருக்கும். கேட்க நல்ல கனம் போலத் தெரியும், ஆனால் மெஷினுக்கு முன்னால் அதுவும் நிற்காது.

எச்எம்டி பெங்களூரில் சிட்டிசன் கூட்டுறவோடு 1961-ல் ஆரம்பித்தது, 2016-ல் வாட்ச் கம்பெனியை மூட அரசு முடிவெடுத்துவிட்டது. இனி இந்தக் கேஸ் புதிதாக வரப்போவதில்லை. உங்கள் வாட்ச் ஒரே கையில் இருந்தது, டயலை யாரும் தொடவில்லை, கேஸைத் தீட்டவில்லை. சந்தையில் இப்போது 'புதுசு போல' என்று விற்கிற பழைய எச்எம்டிகளில் எத்தனையோ டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து, கேஸைத் தேய்த்து, ஏதேதோ முள் மாட்டினவை. சேகரிக்கிறவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று பேர் வைத்து ஒதுக்குவது அதைத்தான். உங்களிடம் இருப்பது அசல், அதை அசலாகவே விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கரூர்_பையன்

அண்ணா, ரொம்ப நன்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பின்மூடியில் நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள். மஞ்சள் இருக்கிற இடத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு போல ஒரு விளிம்பு தெரிகிறது, வெள்ளை அங்கே முடிந்து மஞ்சள் தொடங்குகிறது. அழுக்கு என்றால் அப்படி விளிம்பு இருக்காது என்று இப்போதுதான் புரிகிறது. நேற்றே ஸ்டீல் பிரஷ்ஷை மாட்டிவிட்டேன், கரண்ட் இல்லாததால் நிறுத்தினேன்.

சரி, அப்படியானால் மறுபடி முலாம் போட முடியுமா? இல்லை என்றால் சுத்தம் மட்டும் எப்படிச் செய்வது? வாங்கின டூல் வீண்தானா?

கீவாட்ச்_பிரியன்

முலாம் போடலாம், பைக் பாகங்களுக்கு முலாம் போடுகிற பட்டறையில் சிலர் செய்து தருவார்கள். ஆனால் பழைய முலாமை முழுக்க எடுத்து, பித்தளையை பஃப் போட்டு, நிக்கல் ஏற்றி, பிறகு குரோமியம் ஏற்ற வேண்டும். அந்த பஃபிங்கில்தான் கேஸின் கூரான ஓரங்கள் எல்லாம் உருண்டு சோப்புத் துண்டு மாதிரி ஆகிவிடும். முலாம் பாதிக்கு மேல் போயிருந்தால், அல்லது பித்தளை தோலில் பட்டுக் கை பச்சையாகிறது, நிக்கல் பட்டு அரிக்கிறது என்றால் யோசிக்கலாம். நான்கு முனை தேய்ந்ததற்கு வேண்டாம். அந்த முனைகளைத் தேய்த்தது உங்கள் அப்பாவின் சட்டைக் கைதானே.

பட்டறை_மகள்

டூல் வீண் இல்லை தம்பி, வேலை வேறு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நகை வேலை, நானும் தினம் இந்த மெஷினைக் கையில் பிடிக்கிறேன். நாளைக்கு வேறு ஒரு முழு ஸ்டீல் வாட்ச் உங்கள் கைக்கு வரும், அப்போது உதவட்டும் என்று சொல்கிறேன்.

முதலில் வேகம். இந்த டூல்கள் ஏறக்குறைய 10,000 சுற்றில் தொடங்கி 30,000, 35,000 வரை போகும். 25 மி.மீ சக்கரம் 30,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு விநாடிக்கு 39 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 140 கிலோமீட்டர். பாலிஷுக்கு அது தேவையே இல்லை, இருப்பதிலேயே குறைந்த வேகம் போதும். சூடு ஏறினால் நிறுத்துங்கள், விரலால் தொட முடியாத சூடு வந்துவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

அடுத்தது ஓரம். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, ஓரத்தை விட்டு வெளியே போகிற மாதிரி வைக்க வேண்டும். ஓரத்தை நோக்கி உள்ளே வருகிற மாதிரி வைத்தால் சக்கரம் அந்த முனையைக் கொத்திப் பிடிக்கும், வாட்ச் கையை விட்டுப் பறக்கும், போகிற போக்கில் கேஸில் ஒரு பள்ளமும் விழுந்திருக்கும். வாட்ச் செயினை ஒருபோதும் தொங்கவிட்டபடி பஃப் போடாதீர்கள். கண்ணி ஒன்று சிக்கினால் மொத்தச் செயினும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு விரலில் அடிக்கும். எனக்கு இடது கை ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஒரு மரக்கட்டையில் செயினை இறுக்கிக் கட்டிவிட்டுச் செய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். துப்பட்டா, நீளமான முடி, தொங்குகிற கழுத்துச் சங்கிலி எதுவும் கிட்டே வரக் கூடாது. கையுறை போட்டால் நல்லது என்று நினைப்பீர்கள், துணிக் கையுறை சக்கரத்தில் சிக்கும், வேண்டாம்.

ஒரு சோப்புக்கு ஒரு சக்கரம். பச்சைச் சோப்பில் தொட்ட சக்கரத்தைச் சிவப்புச் சோப்பில் தொடக் கூடாது, முரட்டுத் துகள் ஒன்று ஒட்டியிருந்தால் போதும், கடைசிப் பாலிஷ் முழுக்கக் கோடு விழும். அப்புறம் உங்கள் டப்பாவில் இருக்கிற அந்த ஸ்டீல் பிரஷ், அதன் கம்பி பெரும்பாலும் சாதாரண இரும்பு. ஸ்டெயின்லெஸ் மேல் தேய்த்தால் இரும்புத் துகள் அதில் பதிந்து பிறகு துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஸ்டெயின்லெஸ்ஸே துருப்பிடித்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் குழம்புவார்கள்.

பழக எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். அதில் கீறல் போட்டு, 800, 1000, 2000 உப்புத்தாளில் வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அப்புறம் பஃப் போட்டுப் பாருங்கள். கை எவ்வளவு அழுத்துகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜூரோங்_வாசி

பட்டறை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உலோகம் ஸ்டீலாகவே இருந்தாலும் மேற்பரப்பு என்ன ரகம் என்று பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு சீக்கோ 5 இருந்தது, எஸ்என்கே 809, சின்னக் கறுப்பு டயல். அதன் கேஸ் பளபளப்பு கிடையாது, மணல் துகளை வேகமாக அடித்து மங்கலாக்கினது. பக்கவாட்டில் ஒரே ஒரு கீறல், அதை எடுக்கத்தான் உட்கார்ந்தேன். கீறல் போனது, அந்த இடம் மட்டும் கண்ணாடி போல மின்னியது. அதற்கு ஈடாக மற்ற இடத்தையும் தேய்த்துக்கொண்டே போய், கடைசியில் முழுக் கேஸும் மின்னுகிறது. அந்த மங்கல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று போன பிறகுதான் தெரிந்தது. அதை வீட்டில் திரும்பக் கொண்டுவர வழியில்லை, மணல் அடிக்கிற இயந்திரம் வேண்டும். இன்றைக்கும் அதைக் கட்டும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

சேலம்_ஸ்டீல்

ஐயா, இதைப் படித்த பிறகு என் வாட்சை எடுத்துப் பார்த்தேன். வாங்கும்போது மேல்பக்கம் நீள நீளக் கோடாக இருந்தது, பக்கவாட்டு மட்டும்தான் மின்னும். நான் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டேன். இரண்டும் சேருகிற இடத்தில் இருந்த கூரான விளிம்பும் இப்போது இல்லை. அந்தக் கோட்டைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பட்டறை_மகள்

கோடு வரும், விளிம்பு வராது. மின்ன வேண்டிய பக்கத்தை இன்சுலேஷன் டேப்பால் ஓரம் பிசகாமல் மூடுங்கள். பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரில் புதுத் துண்டு ஒன்றை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, ஒரே திசையில், ஒரே இழுப்பாக முழு நீளத்துக்கும் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்புகிற இடத்தில் வளைந்த கோடு விழும். இந்த வேலைக்கு மெஷினே வேண்டாம், கைதான் சரி.

கடைத்தெரு_ரிப்பேர்

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் முப்பது வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவன். கரூர் தம்பிக்கு மட்டும் பதில்.

வெளியே மின்னுவதை விட உள்ளே ஆயில் முக்கியம். பதினைந்து வருடம் கிடந்த வாட்சில் ஆயில் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். ஓடுகிறதே என்று தினமும் ஓடவிட்டால், ஆயில் இல்லாமல் உள்ளே இருக்கிற சக்கர அச்சுகளின் முனைகள் தேயும். வாட்சின் உள்ளே ஓடுகிற மெஷின் 17 கல் (அச்சுகள் உரசாமல் சுற்ற வைத்த கற்கள்), மணிக்கு 18,000 அடி, அதாவது விநாடிக்கு ஐந்து டிக். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் கீ கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட்டு, பழைய கீ வாட்ச் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, முழுக்கப் பிரித்துக் கழுவி ஆயில் போடச் சொல்லுங்கள். டயலைத் துடைக்க வேண்டாம், முள்ளை மாற்ற வேண்டாம், கேஸுக்கு பஃப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நல்ல எண்ணத்திலேயே சிலர் பாலிஷ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

மெஷினை நீங்களே வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். கீ தண்டைக் கழற்ற சில மெஷினில் ஒரு புள்ளியை அழுத்த வேண்டும், சிலதில் ஒரு சின்ன ஸ்குரூவை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். தெரியாமல் அந்த ஸ்குரூவை முழுக்கக் கழற்றினால் டயல் பக்கத்தில் ஒரு லீவர் நழுவிவிடும், முள்ளையும் டயலையும் கழற்றாமல் அதைத் திரும்ப மாட்ட முடியாது.

மெஷினை எடுத்த பிறகு வெறும் கேஸை வாங்கிக்கொள்ளுங்கள், அதை நீங்கள் வீட்டில் சுத்தம் செய்யலாம், அதில் ஒரு ஆபத்தும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவம், கால் மணி நேரம் ஊறட்டும். மெதுவான டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மூங்கில் பல் குச்சியின் முனையைக் கொஞ்சம் கடித்து மழுக்கி, பின்மூடி உட்காருகிற வளையத்தில் ஓட்டுங்கள். கறுப்பாகச் சுருண்டு சுருண்டு வரும். அது வியர்வை, தோல், சோப்பு, பவுடர் எல்லாம் சேர்ந்து இறுகினது, ஒரு வாடையும் அடிக்கும். ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம். காதின் உள்பக்கம் பச்சையாக இருந்தால் அது பித்தளைக் களிம்பு, அதையும் குச்சியால்தான் எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு நிறமில்லாத மெழுகு கொஞ்சம் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசித் துடைத்துவிட்டால் பித்தளை தெரிகிற முனைகள் சீக்கிரம் கறுக்காது.

கண்ணாடிக்கு வருவோம். அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். 100 டிகிரிக்குப் பக்கத்தில் இளகிவிடும், சக்கரத்தை ஒரே இடத்தில் சில விநாடி வைத்தால் அந்த உரசல் சூட்டிலேயே உருகிப் பள்ளம் விழும். கையால் தேய்த்தால் அழகாக வரும். கேஸின் ஓரத்தை டேப்பால் மூடிவிட்டு, வெள்ளை டூத்பேஸ்ட் ஒரு மிளகு அளவு, ஜெல் வேண்டாம், பஞ்சுத் துணியில் வைத்து வட்டமாக ஐந்து நிமிடம் தேய்த்து ஈரத் துணியால் துடையுங்கள். நான்கைந்து தடவை செய்ய வேண்டியிருக்கும். முதல் தடவையில் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும், மூன்றாவதில் எண்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறல் இருந்தால் கண்ணாடியை மாற்றிவிடுங்கள், எங்கள் பக்கம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கரூர்_பையன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ரிப்பேர் ஐயா சொன்னபடியே செய்தேன். இங்கே ஒரு பெரியவர் மெஷினைப் பிரித்துக் கழுவிக் கொடுத்தார். கேஸை நானே ஊறவைத்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பல் குச்சியோடு உட்கார்ந்தேன். வளையத்துக்குள்ளிருந்து வந்த அழுக்கு ஒரு உளுந்து அளவு சேர்ந்தது. அதற்கு அடியில் குரோமியம் அப்படியே புதுசாக இருக்கிறது, அந்த இடத்தை அழுக்கே பாதுகாத்திருக்கிறது. கண்ணாடிக்கு ஆறு தடவை டூத்பேஸ்ட். ஒரே ஒரு கீறல் மட்டும் பத்துக்குப் பக்கத்தில் மிச்சம் இருக்கிறது, நகம் மாட்டவில்லை, அதனால் கண்ணாடியை மாற்றவில்லை. இப்போது டயலில் இந்தி எழுத்தில் 'ஜனதா' என்று இருப்பது தூரத்திலிருந்தே தெரிகிறது.

நேற்று ராத்திரி அப்பா பார்த்துவிட்டார், மறைத்து வைக்க முடியவில்லை. கண்ணாடியை விட்டுவிட்டு முதலில் காதின் மஞ்சள் முனையைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியில் மிச்சம் இருக்கிற அந்தக் கீறல் 1991-ல் பஸ் கம்பியில் பட்டது என்று சொன்னார். அப்புறம் கீயை இரண்டு விரலில் பிடித்து, எண்ணிக்கொண்டே கொடுத்தார், இருபத்தி சொச்சத்தில் தானாகவே நிறுத்தினார்.

டூலால் எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்கு பஃப் போட்டுப் பார்த்தேன், பட்டறை அக்காவுக்கு நன்றி. முதல் நாளே ஓரத்தில் கொத்திவிட்டது.

கடைசியாக ஒரு கேள்வி. காதுகளுக்கு நடுவில் அளந்தால் 18 மி.மீ வருகிறது. பழைய பட்டை உளுத்துப்போய்விட்டது. தோல் பட்டை வாங்கலாமா, செயினா? விழா இன்னும் பத்து நாள்.

கீவாட்ச்_பிரியன்

தோல்தான், 18 மி.மீ, பழுப்பு, மெல்லிசாகத் தையல் போட்டது. செயினின் முனை காதின் உள்பக்கத்தை உரசி மிச்ச முலாமையும் எடுத்துவிடும். பட்டையோடு புது பின் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய பின் உள்ளே துருப்பிடித்திருக்கும், கூட்டத்தில் கழன்று விழுந்தால் தேட முடியாது.

கடைத்தெரு_ரிப்பேர்

பட்டை மாட்டும்போது காதில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள் தம்பி, பின் மாட்டுகிற டூல் நழுவினால் புதுக் கீறல் விழும். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.